வாசகர் கேள்வி-பதில்: நிக் டிரேக்கும் ஸ்ருதி மாற்றிய கிடாரும்

கேள்வி: நிக் டிரேக்கின் பாட்டு ஒன்றிரண்டு கேட்டிருக்கிறேன். முழுதாகக் கேட்க எந்த ஆல்பத்தில் தொடங்கலாம்? – வாசகி, கோவை

பதில்: உயிரோடு இருந்தபோது வந்தவை மூன்றுதான், வந்த வரிசையிலேயே கேளுங்கள். பாட்டெழுதி, கிடார் வாசித்துப் பாடிய நிக் டிரேக் 1948இல் ரங்கூனில் பிறந்து இங்கிலாந்துக் கிராமம் ஒன்றில் வளர்ந்தவர். கேம்பிரிட்ஜில் படிக்கும்போதே தயாரிப்பாளர் ஜோ பாய்டின் கண்ணில் பட, 1969இல் 'ஃபைவ் லீவ்ஸ் லெஃப்ட்' வந்தது. அதில் 'ரிவர் மேன்' ஐந்து எண்ணிக்கையில் ஓடும். கண்ட நடை பழகிய காதுக்குச் சிரமம் இராது. இந்த ஆல்பத்தின் வயலின் பகுதிகளை எழுதிய கல்லூரித் தோழர் ராபர்ட் கெர்பி, இந்த ஒரு பாட்டு தன்னால் ஆகாதென்று ஒதுங்கிக்கொள்ள, ஹாரி ராபின்சன் எழுதிக் கொடுத்தார்.

'பிரைட்டர் லேட்டர்' (1971) டிரம்ஸ், சாக்ஸபோன் என்று கொஞ்சம் நகை அதிகம் பூட்டிய ஆல்பம். ஆனாலும் 'நார்தர்ன் ஸ்கை'யில் இசைக்கலைஞர் ஜான் கேல் வாசித்த செலெஸ்டாவுக்காகவே (மணி போல் ஒலிக்கும் சிறு பியானோ) வாங்கலாம். மூன்றாவதான 'பிங்க் மூன்' (1972) மொத்தம் 28 நிமிடம், 11 உருப்படி. 1971 அக்டோபரில் இரண்டே இரவுகளில், ஒலிப்பதிவாளர் ஜான் வுட் மட்டும் உடனிருக்கப் பதிவானது. குரலும் கிடாரும்தான், முதல் பாட்டில் மட்டும் அவரே வாசித்த பியானோ பின்னால் சேர்ந்தது.

கேள்வி: 'பிங்க் மூன்' பாட்டை இணையத்தில் கிடைத்த கார்டுகளை (சுரக்கூட்டுகளை) வைத்து வாசிக்கிறேன். சுரம் சரி, ஆனால் அந்தப் பாட்டாக ஒலிக்கவில்லையே? – வாசகர், திருச்சி

பதில்: கார்டில் தப்பில்லை, ஸ்ருதி சேர்ப்பில்தான். வழக்கமான கிடார் தடித்த கம்பியிலிருந்து இ-ஏ-டி-ஜி-பி-இ. இந்தப் பாட்டுக்கு சி-ஜி-சி-எஃப்-சி-இ. நம் கணக்கில் ஸ-ப-ஸ-ம-ஸ-க: அந்தர காந்தாரம், சுத்த மத்யமம். இரண்டாவது ஃப்ரெட்டில் (கழுத்தின் குறுக்கே உள்ள உலோகக் கட்டு) கேப்போ, அதாவது எல்லாக் கம்பிகளையும் ஒருசேர அழுத்தும் கவ்வி, போட்டால் ஸட்ஜம் இரண்டு கட்டைக்கு வந்துவிடும். வெறும் கம்பிகளைத் தட்டினாலே பாதிப் பாட்டு கேட்கும்.

ஆறாவது கம்பியை (தடித்ததுதான் ஆறாவது, மெல்லியது முதலாவது) நான்கு அரைச்சுரம் இறக்குங்கள். ஐந்து, நான்கு, மூன்றாம் கம்பிகளை இரண்டிரண்டு. இரண்டாவதை மட்டும் அரைச்சுரம் ஏற்ற வேண்டும். பழைய கம்பியானால் இங்கேதான் அறும், மாற்றிவிட்டுத் தொடங்குங்கள். முதல் கம்பி இருந்தபடியே இருக்கட்டும். ஸ்ருதி காட்டும் ட்யூனரை 'கிடார்' நிலையில் வைத்தால் குழம்பும். எல்லாச் சுரத்தையும் காட்டும் 'குரோமாட்டிக்' நிலைக்கு மாற்றுங்கள்.

இறக்கும்போது வேண்டிய சுரத்துக்குச் சற்றுக் கீழே போய், அங்கிருந்து ஏற்றி நிறுத்துங்கள். மேலிருந்து இறக்கி அப்படியே விட்டால் பிருடையில் (கம்பியை முறுக்கும் திருகில்) தளர்வு தங்கி, நாலு தட்டில் ஸ்ருதி நழுவும். மொத்த இழுவிசை குறைவதால் கழுத்து லேசாக நிமிரும். முதலில் சேர்த்த கம்பிகள் ஏறியிருக்கும். ஆறையும் இன்னொரு சுற்று பாருங்கள்.

10 அளவு கம்பி செட் (எண் குறைந்தால் கம்பி மெல்லியது) இதற்கு ஆகாது. ஆறாவது கம்பி தொளதொளத்து ஃப்ரெட்டில் பட்டுக் கரகரக்கும். 12 அல்லது 13 செட் போடுங்கள், அப்போதும் கட்டைவிரலால் மென்மையாகவே தொடுங்கள். கேப்போவை ஃப்ரெட்டை ஒட்டிப் பூட்டி, பூட்டியபின் மறுபடி ஸ்ருதி பாருங்கள்; தளர்ந்த தடிக் கம்பியைத்தான் அது முதலில் ஏற்றிவிடும்.

கேள்வி: அவர் மேடையில் பாடும் வீடியோ எங்கே கிடைக்கும்? – வாசகர், நாகர்கோவில்

பதில்: கிடைக்காது. அவர் பாடும் படச்சுருள் எதுவும் இல்லை. இணையத்தில் உலவுபவை புகைப்படங்களைக் கோத்தவை. கச்சேரிகளும் குறைவு. பாட்டுக்குப் பாட்டு ஸ்ருதி சேர்ப்பு மாறுவதால், மேலே சொன்ன பிருடை வேலையை மேடையிலேயே செய்ய வேண்டும். அந்த நிமிடங்களில் ஒரு வார்த்தை பேசமாட்டார். மது விடுதியில் உட்கார்ந்திருக்கும் கூட்டம் அதுவரை பொறுக்குமா? மூன்று ஆல்பங்களில் எதுவும் அந்நாளில் 5,000 பிரதியைத் தாண்டவில்லை. 1999இல் ஃபோக்ஸ்வாகன் கார் விளம்பரத்தில் 'பிங்க் மூன்' ஒலித்த பிறகுதான் பலர் கடைக்கே போனார்கள்.

கேள்வி: அவர் இறந்தபின் வந்த தொகுப்புகளில் எதை வாங்கலாம்? – வாசகர், சேலம்

பதில்: 'மேட் டு லவ் மேஜிக்' (2004). 1974 நவம்பரில், 26 வயதில் இறந்தார். அதே ஆண்டு பதிவான கடைசிப் பாட்டுகள் இதில் உண்டு. 'பிங்க் மூன்' காலத்தில் ஒரே மூச்சில் வாசித்துப் பாடியவருக்கு அப்போது இரண்டையும் சேர்த்துச் செய்ய முடியவில்லை. கிடாரை முதலில் பதிந்து, குரலைப் பிறகு சேர்த்தார்கள். இதிலுள்ள இரண்டு பாட்டுகளில் வயலின்கள் அவர் காலத்துக்குப் பின் சேர்த்தவை, அவற்றைத் தாண்டிப் போகலாம். 'ஃபேமிலி ட்ரீ' (2007) வீட்டு டேப்புகள், இரைச்சல் இருக்கும். ஆனால் அவருடைய அம்மா மோலி டிரேக் பியானோ வாசித்துப் பாடிய சொந்தப் பாட்டுகள் அதில் இரண்டு இருக்கின்றன. மகனின் மெட்டுகள் எந்த வீட்டிலிருந்து வந்தன என்று அங்கே கேட்கும்.