பன்றிக் குட்டிகளின் கழிச்சலும் சால்மோனெல்லாவும்: உங்கள் கேள்விகளுக்கு ஒரு கால்நடை மருத்துவரின் பதில்கள்

மதுரையைச் சுற்றி வெண்பன்றி வளர்ப்பவர்கள் குட்டிக் கழிச்சலைப் பற்றி எது வேண்டுமானாலும் கேட்கலாம் என்று சொல்லியிருந்தேன். வந்த கேள்விகளும் என் பதில்களும் இதோ.

திருமங்கலத்திலிருந்து: பால் மறந்த 12 குட்டிகளில் 4 குட்டிகள் மஞ்சளாகத் தண்ணீர் போலக் கழிகின்றன. போன வாரம் வெளியிலிருந்து 2 குட்டி வாங்கி அதே கொட்டிலில் விட்டேன். அவை நன்றாகத்தான் இருக்கின்றன டாக்டர்.

நன்றாக இருக்கும் அந்த இரண்டைத்தான் நான் முதலில் சந்தேகப்படுவேன் தம்பி. சால்மோனெல்லா என்ற பாக்டீரியா தாக்கித் தேறிய பன்றியின் டான்சிலிலும் குடலை ஒட்டிய நிண முடிச்சுகளிலும் அந்தக் கிருமி மாதக்கணக்கில் தங்கிவிடும். வண்டிப் பயணம், வெயில், பட்டினி, புது இடம் என்று உடம்பு அலைக்கழிந்தால் சாணியில் மறுபடி இறங்கும். அது தீவனத் தொட்டியில் பட்டால் போதும். பால் மறந்ததிலிருந்து நாலு மாதம் வரையுள்ள குட்டிகள்தான் இதில் அதிகம் மாட்டும்.

ஆனால் ஈ.கோலை என்ற வேறொரு குடல் பாக்டீரியா தரும் கழிச்சலும் பார்க்க இப்படித்தான் இருக்கும். மருந்து போடுவதற்கு முன்பே சாணி மாதிரியைக் கால்நடை நோய் புலனாய்வுப் பிரிவுக்குக் கொடுங்கள்.

மதுரையில் உயிரியல் படிக்கும் மாணவி: கிருமியை விழுங்கும் செல்கள் உடம்பில் இருக்கின்றனவே, அவை ஏன் இதைக் கொல்வதில்லை?

இதற்குக் கொஞ்சம் நீளமாகவே பதில் சொல்ல வேண்டும் அம்மா. வயிற்று அமிலத்தில் தப்பிய கிருமிகள் சிறுகுடலின் கடைப்பகுதியை அடைகின்றன. அங்கே குடல் சுவர் செல்லில் ஒட்டிக்கொண்டு, ஊசி போன்ற நுண்குழாய் வழியாகத் தம் புரதங்களை உள்ளே ஏற்றுகின்றன. உடனே அந்த செல்லின் மேல்சவ்வு அலை அலையாக எழும்பி, கிருமியைத் தானே உள்ளே இழுத்துக்கொள்கிறது.

சுவரைத் தாண்டினால், நீங்கள் கேட்ட விழுங்கும் செல்களில் ஒன்றான மேக்ரோபேஜ் காத்திருக்கும். அது கிருமியை விழுங்கி ஒரு பைக்குள் அடைக்கும். சாதாரணக் கிருமியாக இருந்தால் அந்தப் பையில் அமிலமும் செரிமானப் பொருள்களும் கொட்டி அதன் கதை முடிந்துவிடும். சால்மோனெல்லாவிடம் இரண்டாவது ஊசிக்குழாய் ஒன்று இருக்கிறது. பைக்குள் இருந்தபடியே அதன் வழியாகப் புரதங்களை வெளியே அனுப்பி, அந்தச் செரிமானப் பொருள்கள் வந்து சேராமல் தடுத்து, அதே பையில் பெருகுகிறது. மேக்ரோபேஜ் ஓரிடத்தில் நிற்காத செல். அது நிண முடிச்சுக்கும் கல்லீரலுக்கும் மண்ணீரலுக்கும் போகும்போது கிருமியும் கூடவே போய்ச் சேர்கிறது.

சில மேக்ரோபேஜ்கள் வெடித்துச் சாகும். அந்தச் சேதியில் நியூட்ரோபில்கள் என்ற வெள்ளை அணுக்கள் குடலுக்குள் திரண்டு வருகின்றன. அவை கிருமியைக் கொல்ல உமிழும் வேதிப்பொருள்கள் குடலில் உள்ள ஒரு கந்தகச் சேர்மத்தை டெட்ராதயோனேட்டாக மாற்றிவிடும். அதைக் கொண்டு சால்மோனெல்லா சுவாசிக்கும். குடலின் மற்ற பாக்டீரியாக்களில் பெரும்பாலானவற்றால் முடியாது. 2010ல் சுண்டெலிகளில் இதைக் காட்டினார்கள். அழற்சியில் எரிகிற குடலே அதற்குத் தோதான இடமாகிவிடுகிறது.

உசிலம்பட்டிப் பக்கம் ஒரு குட்டியைப் பிரேதப் பரிசோதனை செய்தபோது, அதன் பெருங்குடலின் உட்புறம் தவிட்டைத் தூவி ஒட்டவைத்தது போல இருந்தது. தண்ணீர் விட்டுக் கழுவியும் போகவில்லை. செத்த குடல் தோலும் நியூட்ரோபில்களும் கசிந்து உறைந்த நாரும் சேர்ந்த படலம் அது.

வாடிப்பட்டியிலிருந்து: அப்படியானால் தீவனத்தில் தினமும் ஆன்டிபயாட்டிக் கலந்துவிடலாமா?

வேண்டாம். கிருமி செல்லுக்குள் இருக்கிறது; பல மருந்துகள் அங்கே சரியாக எட்டுவதில்லை. ஜென்டாமைசின் செல்லுக்குள் அவ்வளவாக நுழையாது என்பதால்தான், ஆய்வகத்தில் வெளியே உள்ள கிருமிகளை அதைக் கொண்டு அழித்துவிட்டு உள்ளே பிழைத்தவற்றை எண்ணுகிறோம். தினமும் போட்டால் நல்ல பாக்டீரியாக்கள் அழியும், மருந்துக்கு அடங்காத சால்மோனெல்லா மிஞ்சும். நோயுற்ற குட்டிக்கு மட்டும், எந்த மருந்து கேட்கும் என்று பரிசோதித்துப் போடுவோம். அதுவரை உப்புச் சர்க்கரைக் கரைசலை விடாமல் கொடுங்கள்.

மேலூரிலிருந்து: நேற்று 3 பன்றிகள் செத்துவிட்டன. காதும் வயிறும் நீலம் பாரித்திருந்தன. இதுவும் சால்மோனெல்லாதானா?

இருக்கலாம் அண்ணே. காலராசூயிஸ் என்ற சால்மோனெல்லா வகை ரத்தத்தில் கலந்தால் இப்படி ஆகும். ஆனால் பன்றிக் காய்ச்சலிலும் (மனிதருக்கு வரும் பன்றிக் காய்ச்சல் அல்ல, பன்றிகளுக்கே வரும் வேறு நோய்), 2020ல் வடகிழக்கு மாநிலங்களில் தலைகாட்டிய ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சலிலும் இதே நீலம் வரும். அமெரிக்காவில் டேனியல் சால்மனும் தியோபால்ட் ஸ்மித்தும் 1880களில் இந்தக் கிருமியைப் பிரித்தெடுத்தபோது, பன்றிக் காய்ச்சலுக்கே இதுதான் காரணம் என்று நம்பினார்கள். உண்மையில் ஒரு வைரஸ்தான் காரணம் என்பது பிற்பாடு தெரிந்தது. கண்ணால் பார்த்து முடிவு கட்டாதீர்கள். அறுக்க வேண்டாம், விற்க வேண்டாம். இன்றைக்கே கால்நடை மருந்தகத்தில் சொல்லுங்கள்.

மேலூரிலிருந்தே இன்னொருவர்: பன்றிக் கறியால் டைபாய்டு வருமா?

வராது. டைபாய்டு தரும் சால்மோனெல்லா மனிதரிடம் மட்டுமே வாழ்வது. ஆனால் பன்றியிடமிருந்து டைபிமூரியம் வகை நமக்கும் தொற்றிக் கழிச்சலும் காய்ச்சலும் தரும். கறி உள்வரை வேக வேண்டும். பச்சைக் கறி வெட்டிய கத்தியால் வெங்காயம் நறுக்காதீர்கள்.

உசிலம்பட்டியிலிருந்து: ஓட்டல் மிச்சத்தைக் கொதிக்கவைத்துத்தான் கொடுக்கிறேன். பிறகும் ஏன் கழிச்சல் வருகிறது?

எந்த வாளியில் கொடுக்கிறீர்கள்? மிச்சத்தைக் கொண்டுவந்த அதே வாளியில் கொதித்ததை ஊற்றுவதைப் பல பண்ணைகளில் பார்த்திருக்கிறேன். வாளியைத் தனியாக வையுங்கள். அடியிலுள்ளதும் வேகும்படி கிளறிக்கொண்டே அரைமணி நேரம் கொதிக்க விடுங்கள். ஆறும்போது மூடி வையுங்கள்; எலிப்புழுக்கையிலும் சால்மோனெல்லா இருக்கும்.

கொட்டில் காலியானதும் சாணியைச் சுரண்டி, சோப்புத் தண்ணீரில் தேய்த்துக் கழுவி, நன்றாகக் காயவிடுங்கள். சுண்ணாம்பு அதற்கு அப்புறம்தான். ஈரம் இருக்கும்வரை புதுக் குட்டியை உள்ளே விடாதீர்கள்.