நிலத்தை அடமானம் வைத்து பிரஸ்ஸல்ஸ் போகலாமா?

கேள்வி: சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில் மூன்று ஆண்டுகளாக ஜூனியராக இருக்கிறேன். நிறுவனங்கள் சந்தையில் போட்டியை நசுக்காமல் தடுக்கும் ஐரோப்பியப் போட்டிச் சட்டத்திலும், தொழில்நுட்பச் சட்டத்திலும் வழக்கறிஞராக வேண்டும் என்பது என் ஆசை. கணினி படிக்காதவளுக்கு அது எட்டாது என்கிறார்கள். பிரஸ்ஸல்ஸில் ஓராண்டு எல்.எல்.எம். (சட்ட முதுகலை) படிக்க, அப்பா நிலத்தை அடமானம் வைக்கவும் தயாராக இருக்கிறார். போகட்டுமா?
- வாசகி, மதுரை

பதில்: கணினி பற்றிய பயத்தை இன்றே விட்டுவிடுங்கள். கூகுள் ஷாப்பிங் வழக்கையே பாருங்கள். பிரிட்டனில் ஆடம் ராஃப், ஷிவான் ராஃப் தம்பதி 2006-இல் ஃபவுண்டம் என்ற விலை ஒப்பீட்டுத் தளத்தைத் தொடங்கினார்கள். கூகுள் தேடலில் அது எங்கோ கீழே போய்விட்டது. 2009-இல், ஐரோப்பிய ஒன்றியத்தில் போட்டிச் சட்டத்தை அமல்படுத்தும் ஐரோப்பிய ஆணையத்திடம் புகார் கொடுத்தார்கள். ஆணையம் கண்டது இதுதான்: கூகுளின் சொந்தச் சேவை படங்களோடு பக்கத்தின் உச்சியில் நிற்கிறது, போட்டியாளர்களில் முதலிடத்தில் இருப்பவரே சராசரியாக நான்காம் பக்கத்தில்தான் வருகிறார். பொதுத் தேடல் முடிவுகளுக்கு விழும் கிளிக்குகளில் சுமார் 95 சதவீதம் முதல் பக்கத்தோடு முடிந்துவிடுகிறது. கடைவீதி முகப்பில் இருக்கும் கடைக்கும் சந்துக்குள் இருக்கும் கடைக்கும் வியாபாரம் எப்படி மாறும் என்று தெரிந்தவருக்கு இந்த வழக்கு புரியும். 2017-இல் 242 கோடி யூரோ அபராதம். அதை ஐரோப்பிய நீதிமன்றம் இறுதியாக உறுதிசெய்தது 2024 செப்டம்பரில். புகாருக்கும் தீர்ப்புக்கும் இடையே ஏறக்குறைய 15 ஆண்டுகள். இந்தத் துறைக்குப் பொறுமைதான் முதல் தகுதி.

உங்கள் கடிதத்தில் எனக்குக் கவலை தந்தது அந்த நிலம். ஏன் என்பதற்கு ஒரு வழக்கைச் சொல்கிறேன்.

2003 பிப்ரவரியில் ஆணைய அதிகாரிகள் மான்செஸ்டர் வட்டாரத்தில் ஆக்ரோஸ் கெமிக்கல்ஸ் அலுவலகத்தில் திடீர்ச் சோதனை நடத்தினார்கள். சிக்கிய தாள்களில் இரண்டு மின்னஞ்சல்கள் இருந்தன. அந்த நிறுவனத்தின் பொது மேலாளரும், ஆக்ஸோ நோபல் குழுமத்தில் போட்டிச் சட்டத்தைக் கவனித்துவந்த வழக்கறிஞரும் எழுதிக்கொண்டவை. "வழக்கறிஞரிடம் பேசியது, தொடாதீர்கள்" என்பது நிறுவனத்தின் வாதம். அவர் நெதர்லாந்தில் முறைப்படி பதிவு பெற்ற வழக்கறிஞர்தான். ஆனாலும் நிறுவனத்தின் ஊழியர் என்பதால் ரகசியக் காப்பு கிடையாது என்று 2010-இல் தீர்ப்பு வந்தது. 1982-ஆம் ஆண்டுத் தீர்ப்பு ஒன்று இன்னொரு கதவையும் அடைத்திருக்கிறது: ஐரோப்பிய உறுப்பு நாடு ஒன்றில் தொழில் செய்யத் தகுதி பெற்ற, சுதந்திரமான வழக்கறிஞருக்குத்தான் ஆணையத்தின் விசாரணையில் அந்தக் காப்பு.

இதை உங்கள் மேசைமேல் வைத்துப் பாருங்கள். இந்தியப் பதிவை மட்டும் வைத்துக்கொண்டு நீங்கள் எழுதும் ஆலோசனைக் கடிதத்தை, சோதனைக்கு வரும் அதிகாரி பிரித்துப் படிக்கலாம். அப்படியிருக்க, கட்சிக்காரர் எந்த நம்பிக்கையில் உங்களிடம் மனம்விட்டுப் பேசுவார்? எல்.எல்.எம். சான்றிதழ் இந்தக் குறையைத் தீர்க்காது. பிரெக்சிட்டுக்குப் பிறகு இங்கிலாந்துப் பதிவும் தனியாகப் போதாது. ஆகவே எந்தப் பல்கலைக்கழகம் என்று தேடுவதற்கு முன், எந்த நாட்டு வழக்கறிஞர் சங்கம் உங்களைச் சேர்க்கும், எத்தனை ஆண்டுகளில், எந்த மொழியில் தேர்வு என்று அந்தச் சங்கங்களுக்கே எழுதிக் கேளுங்கள். பதில் கையில் வரும்வரை நிலப் பத்திரம் பீரோவை விட்டு வெளியே வரக் கூடாது.

ஐரோப்பிய ஆணையத்தில் உதவித்தொகையுடன் ஐந்து மாதப் பயிற்சி உண்டு. வெளிநாட்டவருக்கும் சில இடங்கள் தருகிறார்கள். நிரந்தர அதிகாரிப் பணிக்குப் பொதுவாக உறுப்பு நாட்டுக் குடியுரிமை வேண்டும். பிரெஞ்சு மொழியை இப்போதே தொடங்குங்கள். லக்சம்பர்க்கில் இருக்கும் ஐரோப்பிய நீதிமன்றத்தின் உள்வேலை அந்த மொழியில்தான் நடக்கிறது.

படிப்பைத் தொடங்க விமானம் ஏற வேண்டியதில்லை. சென்னையைச் சேர்ந்த மேட்ரிமோனி டாட் காம் கொடுத்த புகாரில், இந்தியப் போட்டி ஆணையம் 2018-இல் கூகுளுக்கு 135.86 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. அந்த உத்தரவையும் ஐரோப்பாவின் 2017 முடிவையும் அருகருகே வைத்து, பத்தி பத்தியாகப் படியுங்கள். ஒரே நிறுவனம், ஏறக்குறைய ஒரே குறை; இரண்டு ஆணையங்களும் சந்தையை எங்கே கோடு போட்டுப் பிரித்தன, எந்தச் சான்றை நம்பின, எதை ஒதுக்கின என்று குறிப்பெடுங்கள். நூற்றுக்கணக்கான பக்கங்கள் வரும். மூன்று மாதம் எடுத்துக்கொள்ளுங்கள். முடித்த பிறகும் இன்னொரு தீர்ப்பை எடுக்கக் கை போகிறதா என்று பார்த்து, எனக்கு மறுபடி எழுதுங்கள். வழக்கறிஞர் சங்கங்களிடமிருந்து வந்த பதில்களையும் சேர்த்து அனுப்புங்கள்; அப்பாவிடம் என்ன சொல்லலாம் என்று அப்போது பேசுவோம்.