சி.டி.பி.ஜி. பணம் யாருக்குப் போகிறது? கேள்வி பதில்

அமெரிக்க நகரங்களின் வீடு, நடைபாதை, அக்கம்பக்க வேலைகளுக்காக ஹட் எனப்படும் வீட்டுவசதி, நகர்ப்புற வளர்ச்சித் துறை வழியாக ஃபெடரல் அரசு ஆண்டுதோறும் கொடுக்கும் பணம்தான் சி.டி.பி.ஜி. (கம்யூனிட்டி டெவலப்மென்ட் பிளாக் கிராண்ட்). 1974 சட்டத்தில் பிறந்த திட்டம் இது. எங்கள் நகரத்தில் விண்ணப்பங்களைப் படித்துப் பரிந்துரை செய்யும் குடிமக்கள் குழுவில் ஆறு ஆண்டுகளாக இருக்கிறேன். இங்கே வாழும் நம் மக்கள் அனுப்பிய கேள்விகளில் சிலவற்றுக்கு என் பதில்கள்.

அக்கா, இந்தப் பணத்தை நகராட்சி தன் இஷ்டத்துக்குச் செலவழிக்கலாமா?

முடியாது. குறைந்தது 70 சதவீதம், வருமானம் குறைந்தவர்களுக்குப் பயன்பட வேண்டும். குடும்ப அளவைக் கணக்கில் கொண்டு, அந்தப் பகுதியின் நடு வருமானத்தில் 80 சதவீதத்தைத் தாண்டாதவர்கள் இதில் வருவார்கள். உணவு, குழந்தைப் பராமரிப்பு, வேலைப் பயிற்சி போன்ற சேவைகளுக்கு 15 சதவீதம்தான் உச்சம். திட்டமிடலுக்கும் நிர்வாகத்துக்கும் 20. மிச்சம் பெரும்பாலும் கட்டுமான வேலைகளுக்கும் வீட்டுப் பழுதுக்கும் போகும். தொண்டு அமைப்புகளில் பெரும்பாலானவை அந்த 15-க்குள்தான் போட்டி போடுகின்றன. இது தெரியாமல் வந்து மனம் நொந்து போகிறவர்களை ஆண்டுதோறும் பார்க்கிறேன்.

எங்கள் குடியிருப்பில் பூங்கா இல்லை. நாங்களும் வரி கட்டுகிறோமே?

பூங்காவால் பயன்பெறும் பகுதியில் பொதுவாக 51 சதவீதம் பேராவது அந்த வருமான வரம்புக்குள் இருக்க வேண்டும். உங்கள் பகுதி அப்படி இல்லையென்றால் நகராட்சியின் பூங்கா பட்ஜெட்டில் கேளுங்கள். தெருக்குழி அடைப்பதற்கும் இந்தப் பணம் கிடையாது, அது பராமரிப்புக் கணக்கில் சேரும்.

ஊரிலிருந்து வந்திருக்கும் அப்பா வீல்சேரில் இருக்கிறார். தெருமுனையில் நடைபாதையில் ஏற வழியில்லை. கேட்டால் நடக்குமா அக்கா?

கட்டாயம் கேளுங்கள் தம்பி. இந்தத் திட்டத்தில் எனக்கு மிகவும் பிடித்த வேலை இதுதான். கடுமையான உடற்குறை உள்ள பெரியவர்களுக்கான தடைநீக்க வேலை என்றால், பயன்பெறுவோர் வருமானம் குறைந்தவர்கள் என்றே விதி எடுத்துக்கொள்கிறது. அதனால் வசதியான பகுதியிலும் தெருமுனைச் சாய்தளம் கட்ட வழி உண்டு.

ஆனால் அதற்கு முன் ஒன்றை விசாரியுங்கள். அந்தத் தெருவுக்குப் புதுத் தார் போடப்போகிறார்களா? நடைபாதையுள்ள தெருவுக்கு மறுதளம் போட்டால், தெருமுனைகளில் சாய்தளம் அமைப்பதும் 1990-ஆம் ஆண்டின் ஊனமுற்றோர் உரிமைச் சட்டப்படி நகராட்சியின் கடமை. நீதித்துறையும் போக்குவரத்துத் துறையும் 2013-இல் இதைத் தெளிவாக எழுத்தில் கொடுத்தன. எப்படியும் செய்தாக வேண்டிய வேலையை மானியத்தில் தள்ளிவிட்டால், ஏழைகளின் பங்கு தார்ச்சாலைக் கணக்கில் கரைந்துவிடும். குழுவில் நான் விடாமல் கேட்கும் கேள்வியும் இதுவே: "இந்தத் தெரு தார் போடும் பட்டியலில் இருக்கிறதா?"

பக்கத்து வீட்டுப் பாட்டிக்கு வாசற்படி ஏற முடியவில்லை. கூரையும் ஒழுகுகிறது. எது முதலில்?

இரண்டும் தகுதியான வேலைதான், வருமானச் சான்று மட்டும் வேண்டும். சாய்தளத்துக்கு ஓர் அங்குல உயரத்துக்கு ஓர் அடி நீளம் என்பது கணக்கு. 24 அங்குல வாசல் என்றால் 24 அடி. முற்றத்தில் அவ்வளவு இடம் இருக்கிறதா என்று அளந்து பாருங்கள். 1978-க்கு முன் கட்டிய வீடானால் ஈயப் பெயின்ட் விதிகள் வரும், வேலையைப் பொறுத்து செலவு நன்றாகவே ஏறும். கூரை ஒழுகினால் கீழே செய்யும் எந்த வேலையும் நிலைக்காது. ஆனால் அவர் மாதக்கணக்கில் வெளியே வராமல் இருக்கிறார் என்றால் நான் வாசலைத்தான் முதலில் திறந்துவிடச் சொல்வேன்.

எங்கள் கோயிலில் வாரந்தோறும் அன்னதானம். விண்ணப்பிக்கலாமா?

கோயில் என்பதற்காக ஒதுக்க மாட்டார்கள். மதம் பாராமல் எல்லோருக்கும் பரிமாற வேண்டும், இந்தப் பணத்தில் பூஜையோ பிரசங்கமோ கூடாது. சாப்பிட வருகிறவர்கள் வருமானம் குறைந்தவர்கள் என்பதற்குப் பதிவேடு வேண்டும். அதை ஒழுங்காக வைக்க ஆள் இருந்தால் மட்டும் இறங்குங்கள்.

கேட்ட எல்லோருக்கும் கொஞ்சம் கொஞ்சம் கொடுத்தால் நியாயம்தானே?

முதல் ஆண்டு நானும் அப்படித்தான் வாக்களித்தேன். யாரையும் வெறுங்கையோடு அனுப்ப மனம் வரவில்லை. சிறு தொகை வாங்கிய ஓர் அமைப்பு, கணக்கு எழுதியே களைத்து, ஆண்டு நடுவில் பணத்தைத் திருப்பிக் கொடுத்தது. முதியோர் மையத்தின் கழிப்பறையை வீல்சேர் நுழைய அகலப்படுத்தும் வேலைக்கோ பாதித் தொகைதான் ஒதுக்கினோம். கட்டுமான ஒப்பந்தம் 2,000 டாலரைத் தாண்டினாலே, அரசு நிர்ணயித்த கூலியைத் தர வேண்டும் என்ற ஃபெடரல் விதியும் வந்துவிடும். பாதிப் பணத்தில் யாரும் டெண்டர் எடுக்கவில்லை. அந்த மையத்துக்கு வருகிறவர்கள் இன்னோர் ஆண்டு காத்திருந்தார்கள். அதை நினைத்தால் இன்றும் எனக்கு வலிக்கிறது. செலவாகாத பணத்துக்கும் வரம்பு உண்டு: நகராட்சியின் திட்ட ஆண்டு முடிய 60 நாள் இருக்கும்போது கையிருப்பு ஆண்டு மானியத்தைப் போல ஒன்றரை மடங்கைத் தாண்டக் கூடாது. இப்போது நான் குறைவான வேலைகளை முழுமையாகச் செய்யும் பக்கம் நிற்கிறேன்.

கூட்டத்துக்கு வந்தால் பேச விடுவார்களா?

விடுவார்கள். ஆண்டுக்குக் குறைந்தது இரண்டு பொதுக்கூட்டம் நடத்த வேண்டும், வரைவுத் திட்டத்தின் மேல் கருத்துச் சொல்ல 30 நாள் தர வேண்டும். தேவைகளைக் கேட்கும் முதல் கூட்டத்துக்கே வாருங்கள். வரைவு வந்தபின் தொகையை நகர்த்துவது கடினம். தெருச் சந்திப்பின் பெயர், ஒரு புகைப்படம், அங்கே சிரமப்படுவது யார் என்று இரண்டு வரி போதும். அப்பாவையும் அழைத்து வாருங்கள். தமிழில்தான் பேசுவார் என்றால் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று நகராட்சிக்கு முன்கூட்டியே எழுதிப் போடுங்கள்.