நூலகர் பதில்கள்: தலைப்பைத் தட்டாதீர்கள், சொற்களைச் சேருங்கள்

கேள்வி: முனைவர் பட்ட ஆய்வில் முதல் வருடம். என் தலைப்பு, வளரிளம் பருவத்தினரின் கைப்பேசிப் பழக்கமும் தூக்கமும். தரவுத்தளத்தில் தலைப்பை அப்படியே தட்டினால் நாலைந்து கட்டுரைதான் வருகிறது. கூகுள் ஸ்காலரில் ஆயிரக்கணக்கில் கொட்டுகிறது. "இன்னும் தேடவேண்டும்" என்கிறார் நெறியாளர். எப்படித் தேடுவது?

பதில்: தலைப்பை அப்படியே தட்டுவதில்தான் சிக்கல். பல தரவுத்தளங்கள் நீங்கள் தட்டிய சொல் எல்லாம் இருக்கிற பதிவை மட்டுமே எடுத்துத் தரும். 'இம்பாக்ட்' என்று ஒரு சொல் சேர்த்துவிட்டால், அந்தச் சொல்லை எழுதாத நல்ல கட்டுரைகள் எல்லாம் வெளியே நின்றுவிடும்.

முதலில் திரையை விட்டுவிட்டு ஒரு தாளை எடுங்கள். மூன்று பத்தியாகக் கோடு போடுங்கள். முதல் பத்தியில் அடோலசென்ட், டீனேஜர், யூத். இரண்டாவதில் ஸ்மார்ட்போன், மொபைல் போன், செல்போன், ஸ்க்ரீன் டைம். மூன்றாவதில் ஸ்லீப், இன்சோம்னியா. ஒரு பத்திக்குள் இருப்பவற்றை 'ஆர்' போட்டு இணைத்து அடைப்புக்குறிக்குள் வையுங்கள். மூன்று அடைப்புக்குறிகளுக்கும் நடுவே 'ஆண்ட்' போடுங்கள். ஆர் வலையை விரிக்கும், ஆண்ட் இறுக்கும். 'நாட்' பக்கம் மட்டும் அவசரமாகப் போகாதீர்கள். பெரியவர்கள் வேண்டாம் என்று 'நாட் அடல்ட்' போட்டால், இரு வயதினரையும் ஒப்பிட்டுப் பார்த்த கட்டுரையும் சேர்ந்து போய்விடும்.

'மொபைல் போன்' போன்ற இரட்டைச் சொல்லுக்கு மேற்கோள் குறி போடுங்கள். 'அடோலசென்' வரை எழுதி நட்சத்திரக் குறி வைத்தால் அடோலசென்ட், அடோலசென்ட்ஸ், அடோலசென்ஸ் மூன்றும் வரும். ரொம்ப முன்னாலேயே வெட்டிவிடக் கூடாது. 'கேட்' என்று வெட்டினால் பூனையோடு கேட்டலாக்கும் கேட்டராக்டும் வந்து நிற்கும்.

மருத்துவக் கட்டுரைகளுக்கான தரவுத்தளமான பப்மெட்டில் மட்டும் நட்சத்திரத்தை யோசித்துப் போடுங்கள். அங்கே 'ஹார்ட் அட்டாக்' என்று சாதாரணமாகத் தட்டினாலே 'மயோகார்டியல் இன்ஃபார்க்‌ஷன்' என்ற பொருள் தலைப்பையும் அதுவே சேர்த்துத் தேடும். நட்சத்திரம் வைத்த சொல்லுக்கு அந்த உதவி கிடையாது.

பொருள் தலைப்பு என்றேனே, அதைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன். எம்ஃபில் படித்தபோது முதியோரின் வாசிப்புப் பழக்கம் பற்றித் தேடினேன். இரண்டு வாரம் 'ஓல்ட் பீப்பிள்' என்றே தட்டிக்கொண்டிருந்தேன். மூத்த நூலகர் ஒருவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, கிடைத்ததில் நல்ல கட்டுரை ஒன்றைத் திறக்கச் சொன்னார். பதிவின் அடிப்பகுதியில் விரலை வைத்து, "இதைப் படிம்மா" என்றார். 'ஏஜ்டு' என்று இருந்தது. அந்தச் சொல்லைப் போட்டுத் தேடிய ஒரு மத்தியானத்தில் கிடைத்தது, முந்தைய இரண்டு வாரத்தில் கிடைத்ததைவிட அதிகம். கட்டுரை எழுதியவர் முதியவர், மூத்த குடிமகன் என்று எந்தச் சொல்லைப் போட்டிருந்தாலும், பதிவு செய்கிறவர்கள் எல்லாவற்றையும் ஒரே தலைப்பின் கீழ் கொண்டுவந்துவிடுகிறார்கள். யாரோ உட்கார்ந்து படித்துப் பார்த்துச் செய்து வைத்த வேலை அது. இன்றைக்கும் எனக்கு அதன் மேல் பெரிய மரியாதை உண்டு. பப்மெட்டின் பொருள் தலைப்புப் பட்டியலுக்கு மெஷ் என்று பெயர். அதில் 'அடோலசென்ட்' என்றால் 13 முதல் 18 வயது. உங்கள் ஆய்வின் வயது வரம்பு அதோடு பொருந்துகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

நல்ல கட்டுரை ஒன்று கையில் வந்ததும், அதன் மேற்கோள் பட்டியலைப் பிடித்துப் பின்னோக்கிப் போங்கள். அப்புறம் அதை மேற்கோள் காட்டியவர்களைப் பிடித்து முன்னோக்கி வாருங்கள். முன்னோக்கிப் போகிற வழியை தகவல் அறிவியலாளர் யூஜீன் கார்ஃபீல்டு 1964-ல் வெளியிட்ட அறிவியல் மேற்கோள் அட்டவணை பரவலாக்கியது. இப்போது ஒரு கிளிக் போதும்.

தேதி, தரவுத்தளம், தட்டிய வரி, வந்த எண்ணிக்கை நான்கையும் அன்றன்றைக்கே எழுதி வையுங்கள். எப்படித் தேடினீர்கள் என்று ஆய்வேட்டில் எழுதும்போது இந்த நோட்டுதான் கைகொடுக்கும்.

கேள்வி: கூகுள் ஸ்காலர் மட்டும் போதாதா?

பதில்: தொடங்குவதற்கு நல்ல இடம். ஆனால் எத்தனை லட்சம் முடிவு என்று காட்டினாலும் முதல் 1,000-க்கு மேல் பார்க்க முடியாது. துறை வல்லுநர் மதிப்பாய்வு செய்த கட்டுரைகளை மட்டும் பிரித்தெடுக்கவும் அங்கே வழியில்லை. உங்கள் துறைக்கான தரவுத்தளம் ஒன்றையாவது கூடவே பாருங்கள்.

கேள்வி: சுருக்கம் தெரிகிறது, முழுக் கட்டுரைக்குப் பணம் கேட்கிறது. கட்டிவிடலாமா?

பதில்: கட்டாதீர்கள். முதலில் உங்கள் நூலக இணைப்பு வழியாக உள்நுழைந்து பாருங்கள். நூலகம் ஏற்கெனவே சந்தா கட்டியிருக்கலாம். இல்லையென்றால் ஸ்காலரில் அதே கட்டுரையின் மற்ற பிரதிகளைத் திறந்து பாருங்கள். ஆசிரியரே ஒரு பிரதியைப் பொதுவில் வைத்திருப்பதுண்டு. ஆய்விதழ்களின் பழைய இதழ்களைச் சேர்த்து வைத்திருக்கும் ஜேஸ்டோர் தளத்தில் பல இதழ்களின் கடைசிச் சில வருட இதழ்கள் வராது. புதிய கட்டுரையை அங்கே தேடிக் களைத்துப் போகவேண்டாம். எதிலும் இல்லையா? நூலகங்களுக்கு இடையிலான இரவலுக்கு மனுக் கொடுங்கள். கட்டுரை ஆசிரியருக்கும் இரண்டு வரியில் மின்னஞ்சல் எழுதுங்கள். நான் எழுதிக் கேட்டவர்களில் பலர் சந்தோஷமாக அனுப்பியிருக்கிறார்கள்.