ஹாட்டி (haughty) என்ற ஆங்கிலச் சொல்லுக்கு என்ன பொருள், அது எங்கிருந்து வந்தது?

இந்தச் சொல்லை எங்கேயோ வாய்விட்டு வாசித்து நீங்களும் சிரிப்பு வாங்கியிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். நான் வாங்கியிருக்கிறேன்.

பொருள் இதுதான்: அடுத்தவரைத் துச்சமாகப் பார்க்கிற திமிர், இறுமாப்பு. ப்ரௌட் என்றால் பிள்ளையை நினைத்துப் பெற்றவர்கள் படும் பெருமையாகவும் இருக்கலாம். ஹாட்டி என்றால் வசவுதான்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில், வாடிக்கையாளர் ஒருவர் அனுப்பிய புகாரைக் கூட்டத்தில் என்னை வாசிக்கச் சொன்னார்கள். 'உங்கள் அதிகாரி ஹாட்டியாகப் பதில் சொன்னார்' என்று ஒரு வரி. நடுவில் ஜி, ஹெச் என்று இரண்டு எழுத்து நிற்கிறதே, சும்மா விடலாமா? அழுத்தந்திருத்தமாக 'ஹௌக்டி' என்றேன். மூத்த அதிகாரி ஒருவர் புகாரை விட்டுவிட்டு என்னைப் பிடித்துக்கொண்டார். "எங்கே, இன்னொரு தடவை சொல்லுங்க." சொன்னேன். மேஜையைத் தட்டித் தட்டிச் சிரித்தார். புகார் யார்மேல் என்கிறீர்களா? அவர்மேல்தான்.

உச்சரிப்பு முக்கியமில்லையா என்று யாரும் கிளம்பி வர வேண்டாம். முக்கியம்தான். அவர் என் தப்பை எடுத்துச் சொல்லியிருந்தால் திருத்திக்கொண்டிருப்பேன்.

அன்று ராத்திரியே அகராதியைப் புரட்டினேன். லத்தீனில் 'ஆல்டுஸ்' என்றால் உயர்ந்தது. ஆல்டிட்யூட் என்ற சொல்லும் அதன் வழி வந்ததே. பழைய பிரெஞ்சுக்குப் போனபோது, உயரத்தைக் குறிக்கும் ஒரு ஜெர்மானியச் சொல்லின் சாயலில் அதன் முன்னால் ஹெச் ஒட்டிக்கொண்டது. ஆங்கிலத்துக்கு வந்தபின், 16ஆம் நூற்றாண்டில், நடுவில் ஜி, ஹெச்சும் ஏறிவிட்டன. மகளைக் குறிக்கும் டாட்டர் என்ற சொல்லில் அந்த எழுத்துகளுக்கு ஒரு காலத்தில் நிஜமாகவே ஒலி இருந்தது. இதில் என்றைக்குமே இருந்ததில்லை, மற்ற சொற்களைப் பார்த்துச் செருகியது. பொய் எழுத்தை நம்பிய நான் கேலிப்பொருள்!

தமிழிலும் இதே உயரக் கணக்கு உண்டு. விவிலியத்தின் நீதிமொழிகளில், ஆங்கிலத்தில் இந்தச் சொல் வருகிற இடத்தில், தமிழில் 'மனமேட்டிமை' என்று இருக்கிறது. மேடு, மேட்டிமை. என்ன அழகான சொல்!

சரி, மறுவாரம் அந்த ஜி, ஹெச் கதையை அவரிடமே சொன்னேன். சும்மா இருந்திருக்கலாம். அந்த வருட மதிப்பீட்டில் 'மனப்பான்மை சரியில்லை' என்று எழுதிவிட்டார், சம்பள உயர்வும் போச்சு. இத்தனைக்கும் அந்த வருடம் அவருடைய மாத அறிக்கை பன்னிரண்டையும் உட்கார்ந்து எழுதியது நான். கையெழுத்து மட்டும் அவருடையது.