இரவில் எழுதிய பிளாக்செயின் கோட்: லைசென்ஸ் கொடுக்கும் உரிமை யாரிடம்?

கேள்வி: கோவையில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் வேலை செய்கிறேன். நூல் மில்லில் இருந்து பின்னலாடை ஏற்றுமதி வரை சரக்கின் பயணத்தைப் பதிவு செய்ய, நானும் இரண்டு நண்பர்களும் கோ (Go) என்ற நிரல்மொழியில் ஒரு பிளாக்செயின் (பலரிடமும் நகல் இருக்கும், எளிதில் மாற்ற முடியாத பதிவேடு) ஃபிரேம்வொர்க் எழுதி, நிரல்களைப் பகிரும் கிட்ஹப் தளத்தில் போட்டிருக்கிறோம். லைசென்ஸ் ஃபைல் வைக்கவில்லை. எத்தீரியம் என்ற பொது பிளாக்செயினை இயக்கும் கெத் மென்பொருளில் இருந்து சில ஃபைல்களை எடுத்திருக்கிறோம். டோக்கன் (கிரிப்டோ நாணயம் போன்றது) எதுவும் வெளியிடவில்லை. இப்போது ஒரு நிறுவனம் இதைக் கேட்கிறது, யாரும் பயன்படுத்தவும் மாற்றவும் அனுமதிக்கும் அப்பாச்சி 2.0 லைசென்ஸ் வேண்டுமாம். ஒரு நண்பர், அதே போன்ற சுருக்கமான எம்ஐடி லைசென்ஸ் போதும் என்கிறார். இன்னொருவர் 'வணிகப் பயன்பாடு கூடாது' என்று ஒரு வரி சேர்க்கச் சொல்கிறார். எழுதியதெல்லாம் இரவில், சொந்த லேப்டாப்பில்தான். என்ன செய்யலாம்?

பதில்: எந்த லைசென்ஸ் என்று மூன்று பேரும் வாதாடுகிறீர்கள். அதைக் கொடுக்கும் உரிமை உங்களிடம் இருக்கிறதா என்பதை முதலில் பார்ப்போம்.

1957-ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டப்படி கணினி நிரலும் ஓர் இலக்கியப் படைப்புதான். எழுதியவரே முதல் உரிமையாளர். ஆனால் ஊழியர் ஒருவர் தன் வேலையின் பகுதியாக எழுதியது, வேறு உடன்பாடு இல்லாவிட்டால், முதலாளிக்குப் போய்விடும் என்கிறது 17-ஆம் பிரிவின் (சி) உட்பிரிவு. இரவு நேரம், சொந்த லேப்டாப் இரண்டும் உங்களுக்குச் சாதகமானவை. ஆனால் அவை மட்டும் போதாது. அலுவலகத்தில் உங்கள் வேலையே பிளாக்செயின் என்றால் சிக்கல். அப்பாயின்ட்மென்ட் ஆர்டரை எடுத்து, அறிவுசார் சொத்து பற்றிய பத்தியைப் படியுங்கள். பணிக்காலத்தில் உருவாக்குவது எல்லாம் கம்பெனிக்கே என்று அகலமாக எழுதியிருப்பார்கள். கையெழுத்துப் போட்ட நாளுக்குப் பிறகு அதை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. திட்டத்தை இரண்டு பத்தியில் விவரித்து, இதில் நிறுவனத்துக்கு உரிமை இல்லை என்று எழுத்தில் என்ஓசி (ஆட்சேபணையில்லாச் சான்று) கேளுங்கள். மேனேஜர் வாயால் 'ஓகேப்பா' என்றதை நம்பி உட்காராதீர்கள். நண்பர்கள் இருவரும் வேலையில் இருந்தால் அவர்களுக்கும் இதே கதைதான்.

அடுத்தது கெத். அதன் சிஎம்டி (cmd) கோப்புறைக்கு வெளியே இருக்கும் லைப்ரரி பகுதி எல்ஜிபிஎல் 3 லைசென்ஸில் வருகிறது, அந்தக் கோப்புறைக்குள் இருப்பது ஜிபிஎல் 3-இல். ஜிபிஎல் என்றால், அதைக் கலந்து வெளியிடும் நிரலையும் அதே லைசென்ஸில் தர வேண்டும்; எல்ஜிபிஎல் அதன் சற்றே தளர்ந்த வடிவம். நீங்கள் எடுத்த ஃபைல்களுக்கு நீங்கள் உரிமையாளர்கள் இல்லை, ஆகவே அவற்றை அப்பாச்சி என்று பெயர் மாற்றி வெளியிட முடியாது. அப்பாச்சி 2.0 நிரலை ஜிபிஎல் 3 திட்டத்துக்குள் கொண்டுபோகலாம், எதிர்த்திசையில் வழி கிடையாது. சிஎம்டி ஃபைல்களை உங்கள் நிரலோடு ஒன்றாகக் கலந்திருந்தால், வெளியிடும்போது முழு நிரலையும் ஜிபிஎல் 3-இல்தான் தர வேண்டும். இதை லேசாக எடுக்க வேண்டாம். ஜேக்கப்சன் எதிர் காட்சர் வழக்கில் 2008-இல் அமெரிக்க ஃபெடரல் மேல்முறையீட்டு நீதிமன்றம், திறந்த மூல (ஓப்பன் சோர்ஸ்) லைசென்ஸின் நிபந்தனையை மீறுவது பதிப்புரிமை மீறலே ஆகலாம் என்றது. நம் நீதிமன்றங்களை அது கட்டுப்படுத்தாது. ஆனால் உங்கள் ஃபிரேம்வொர்க்கை எடுக்கும் ஏற்றுமதியாளருக்கு அமெரிக்காவில் வாடிக்கையாளர் இருப்பாரே!

அந்த ஃபைல்களை நீக்கிவிட்டு, அவற்றைப் பார்க்காமல் புதிதாக எழுதுவதே என் யோசனை. எழுத நேரமில்லை என்றால், நிறுவனங்களுக்கான பிளாக்செயின் ஃபிரேம்வொர்க்கான ஹைப்பர்லெட்ஜர் ஃபேப்ரிக்கைப் பாருங்கள். அதுவும் கோ மொழியில் எழுதப்பட்டது, லைசென்ஸும் அப்பாச்சி 2.0. லைசென்ஸின் நகலைச் சேர்த்து, பதிப்புரிமைக் குறிப்புகளையும் நோட்டீஸ் ஃபைல் இருந்தால் அதையும் அப்படியே வைத்து, மாற்றியதை மாற்றியதாகக் குறிப்பிட்டால் போதும்.

எம்ஐடியா, அப்பாச்சியா என்பதில் நான் அப்பாச்சி பக்கம். நம் பதிப்புரிமைச் சட்டத்தின் 19-ஆம் பிரிவு, உரிமை மாற்றத்தில் காலம் சொல்லாவிட்டால் ஐந்து ஆண்டு, நிலப்பரப்பு சொல்லாவிட்டால் இந்தியா மட்டும் என்று வைத்துக்கொள்ளச் சொல்கிறது. 30ஏ பிரிவு அதை லைசென்ஸுக்கும் பொருத்துகிறது. எம்ஐடி வாசகத்தில் காலமும் இல்லை, நாடும் இல்லை. அப்பாச்சியில் 'நிரந்தரமாக, உலகெங்கும்' என்பது எழுத்திலேயே இருக்கிறது. காப்புரிமை (பேட்டன்ட்) பற்றிய தெளிவான அனுமதியும் உண்டு. எம்ஐடி போட்டவர்கள் எல்லாம் கோர்ட்டில் நிற்கிறார்கள் என்று சொல்ல வரவில்லை. கேள்வி எழ இடம் இருக்கும்போது அதை ஏன் விட்டுவைக்க வேண்டும்?

'வணிகப் பயன்பாடு கூடாது' என்ற வரியைச் சேர்த்தால் அது திறந்த மூலமே இல்லை. ஓப்பன் சோர்ஸ் இனிஷியேட்டிவின் வரையறை, எந்தத் துறைக்கும் தடை போடக் கூடாது என்கிறது. அதோடு, மில்லும் ஏற்றுமதியாளரும் வணிகர்கள்தானே, அப்புறம் யாருக்காக எழுதினீர்கள்? போட்டியாளர் பயம் என்றால் யூனிஸ்வாப் என்ற கிரிப்டோ பரிமாற்றத் தளம் செய்தது போலச் செய்யலாம். 2021-இல் அதன் மூன்றாம் பதிப்பை பிசினஸ் சோர்ஸ் லைசென்ஸில் (குறிப்பிட்ட காலம் வரை வணிகப் பயன்பாட்டைத் தடுப்பது) வெளியிட்டு, 2023 ஏப்ரலில் ஜிபிஎல்லுக்கு மாறும்படி வைத்தார்கள். தடை இருக்கும் காலத்தில் அதைத் திறந்த மூலம் என்று விளம்பரம் செய்யாதீர்கள், அவ்வளவுதான்.

டோக்கன் இல்லாததால் 30 சதவீத கிரிப்டோ வரி உங்களைத் தொடாது. 2023 மார்ச்சில் வந்த பணமோசடித் தடுப்பு அறிவிப்பும், கிரிப்டோவைப் பரிமாற்றுவது, பத்திரமாக வைத்துக்கொடுப்பது போன்ற சேவை நடத்துவோருக்கானது.

கிட்ஹப்பில் லைசென்ஸ் இல்லாமல் கிடப்பதால் இப்போதைக்கு மற்றவர்கள் பார்க்கலாம், ஃபோர்க் (தங்கள் கிட்ஹப் கணக்கில் நகல்) செய்யலாம். அதற்கு மேல் உரிமை இல்லை. என்ஓசி வந்ததும் மூவரும் ஓர் ஒப்பந்தத்தில் கையெழுத்திடுங்கள்: கூட்டு உரிமை, எந்த லைசென்ஸ், மாற்ற மூவர் சம்மதம். ஒருவர் மட்டும் கொடுத்த லைசென்ஸ் நிற்குமா என்பதில் வீண் வம்பு. அதுவரை அந்த நிறுவனத்துக்கு, 'நிரலின் உரிமையைச் சரிபார்த்துக்கொண்டிருக்கிறோம், முடிந்ததும் அப்பாச்சி 2.0-இல் வெளியிடுவோம்' என்று ஒரு மின்னஞ்சல் அனுப்புங்கள். முன்பணம் கொடுத்தால் இப்போது வாங்காதீர்கள்.