நகரத்தில் லாங்போர்டு (நீளமான ஸ்கேட்போர்டு) ஓட்ட காலுக்குப் பட்டை மாட்டலாமா?

மாட்ட முடியும். ஆனால் பாதத்தை இறுக்கிப் பூட்டும் பட்டை ஊருக்குள் வேண்டவே வேண்டாம். ஒரு காலால் தரையை உந்தித்தான் ஓட்டுகிறோம், அதே காலைத் தேய்த்துத்தான் நிறுத்துகிறோம். அதைக் கட்டிவிட்டால் இரண்டும் போச்சு, நின்றிருக்கும் காரின் கதவு திடீரென்று திறந்தால் குதித்து ஓடவும் வழியில்லாமல் போர்டோடு சேர்ந்து விழுவீர்கள், கணுக்கால் முறுக்கிக்கொள்ளும். மலைச்சரிவில் ஓட்டும் மவுண்டன்போர்டில் பட்டை இருக்கிறதே என்றால், அது கரடுமுரடான சரிவில் துள்ளிக்கொண்டே இறங்குவது, அங்கே உந்தும் வேலை இல்லை.

சான் ஃபிரான்சிஸ்கோவின் சரிவுச் சாலைகளில் பிறந்த ஃப்ரீபோர்டைப் பாருங்கள். 6 சக்கரம், பக்கவாட்டிலும் வழுக்கும், அதில்கூட ஒரு பக்கம் திறந்த கொக்கிதான், காலைச் சட்டென்று உருவிக்கொள்ளலாம்.

உங்களுக்கு ஏற்றது ஃபுட்ஸ்டாப். முன் ட்ரக்கின் (பலகைக்கு அடியில் சக்கரங்களைத் தாங்கும் அச்சின்) போல்ட்டில் இரண்டைக் கழற்றிவிட்டு, நீளமான போல்ட் போட்டுப் பலகைமேல் பொருத்தும் சின்ன முட்டு அது. முன்னங்கால் அதில் அண்டி நிற்கும், எடுக்க நினைத்தால் தடுக்காது. மாட்டும்போது கீழே நட்டின் நைலான் வளையத்தைத் தாண்டி போல்ட்டின் மரை வெளியே தெரிகிறதா என்று கண்டிப்பாகப் பாருங்கள், தெரியாவிட்டால் அதிர்வில் நட்டு கழன்றுவிடும்.

அதற்கும் முன்னால் கிரிப் டேப்பை, அதாவது கால் வழுக்காமலிருக்கப் பலகைமேல் ஒட்டும் சொரசொரப்பான தாளை, மாற்றுங்கள். சாதாரண ஸ்கேட்போர்டு டேப் 80 கிரிட், எண் குறையக் குறைய சொரசொரப்பு கூடும்; 36 கிரிட் ஒட்டி, அடி தட்டையான ஷூவும் போட்டால் பெரும்பாலும் வழுக்கலே இருக்காது. என்ன, ஷூ சீக்கிரம் தேயும்.